வாசல் அளவு

காரைக்குடி செக்காலை ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே
என் அலுவலகம். இங்கிருந்து கடல் தெரியாது.
தெரிய வேண்டியதும் இல்லை.
யார் வந்தாலும் முதலில் கேட்பேன்:
எடையா, இடமா, எது உங்கள் கஷ்டம்?

ஆத்தங்குடிக் கல் அனுப்பும் நாச்சியப்பன்
நாற்பதடிப் பெட்டிதான் வேண்டுமென்று நின்றார்.
பெரிய சரக்குக்குப் பெரிய பெட்டி, அது அவர் கணக்கு.
அண்ணே, இருபதும் நாற்பதும்
ஏறக்குறைய ஒரே பாரம்தான் தாங்கும்.
முழங்கால் உயரம் அடுக்குவதற்குள்
எடைமேடை போதும் என்றுவிடும்.
மிச்சமிருக்கும் காற்றுக்கும் சேர்த்து வாடகை கட்டுவீர்கள்.
கனத்தது சின்னதில் போகட்டும்.

தேனம்மையின் சீப்புச் சீடை அப்படியே நேர்மாறு.
உயரப் பெட்டியில் கூரை தொட அடுக்கினாலும்
பாதி பாரம் வராது.
ஆனால் போன பயணத்தில் உள்ளே என்ன இருந்தது என்று
மோந்து பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன்.
ஒருமுறை பச்சைத்தோல் ஏறி இறங்கிய பெட்டி.
அங்கே பிரித்தவர்கள்
முறுக்கில் மாடு மணக்கிறது என்றார்கள்.
அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வெங்காயத்துக்கு மூச்சு வேண்டும்.
மாம்பழத்துக்குப் பதின்மூன்று டிகிரி.
மிளகாய் வற்றல் சும்மா கிடக்கும் என்று நினைப்போம்,
மூடிய இரும்பு இரவில் வியர்த்து
உள்ளுக்குள்ளேயே ஒரு மழை பெய்துவிடும்.

இதெல்லாம் மனப்பாடம்.
புரட்டாசியில் தேவகோட்டையிலிருந்து
அம்பலவாண ஆசாரி போன் செய்தார்.
"ஒரு குதிரை போகணும்மா. கிள்ளானுக்கு."
உயிருள்ளதா என்று கேட்டேன்.
அதற்கு வேறு கப்பல், வேறு காகிதம்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"வாகனம்" என்றார்.

டேப்பை நான்தான் பிடித்தேன்.
பீடத்திலிருந்து காது நுனிவரை எட்டடி ஏழங்குலம்.
உயரப் பெட்டியின் உட்கூரை எட்டடி பத்து.
அதன் வாசலோ எட்டடி ஐந்து.
உள்ளே நிற்க இடமுண்டு,
நுழையத்தான் வழியில்லை.
இரண்டங்குலம்.

கூரை திறந்த பெட்டியென்றால் மேலிருந்து இறக்கலாம்.
கிரேனுக்குத் தனிக்காசு, தலைக்கு மேலே வெறும் தார்ப்பாய்,
வருவதோ ஐப்பசி.
சுவரில்லாத தட்டில் கட்டினால்
வழியெல்லாம் உப்புக்காற்று நக்கும்;
பக்கத்தில் விடும் இடத்துக்கும் கப்பல்காரன் காசு கேட்பான்.
சாய்த்துப் போடலாமா என்றேன்.
பட்டறையில் உளிச்சத்தம் நின்றது.

ஆசாரி குதிரையை ஒருமுறை சுற்றி வந்து
காதைக் கட்டைவிரலால் நெம்பிப் பார்த்தார்.
"கழறும். ஆப்பு வச்ச காதுதான்."
தப்பில்லையா?
"கண்ணு இன்னும் திறக்கலையே. அங்க போயித்தான்.
அதுவரைக்கும் இது மரம்."

நானும் அப்படித்தான் எழுதினேன்:
மரச் சிற்பம், ஒன்று. புகை போட்ட முத்திரை உண்டு.
காது, இரண்டு. பஞ்சில் சுற்றியது.

செபஸ்தியான் தூத்துக்குடியிலிருந்து ராத்திரியெல்லாம் ஓட்டிவந்து
பெட்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தினார்.
புதுப் பெயின்ட். நாலெழுத்து ஏழெண் சரி.
கதவு ரப்பரும் சரி.
உள்ளே ஏறிச் "சாத்துங்க" என்றேன்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு
அத்தனை இருட்டு வேறெங்கும் கிடைக்காது.
சுட்ட இரும்பு. பழைய காபிக்கொட்டை வாசம், லேசாக.
குதிரை நிற்கப்போகிற இடத்தில் நின்று
அண்ணாந்து, காத்திருந்தேன்.
கண் பழகப் பழக
இடது மூலையில், கூரை மடிப்பில்
எள்ளளவு வெயில்.

கதவைத் தட்டினேன்.
இது வேண்டாம், வேறு கொண்டுவாங்க.
"போக வர நானூறு கிலோமீட்டர். ஒரு எள்ளுக்கா?"
எள்ளுக்குத்தான்.

வண்டியைக் கிளப்பிக்கொண்டே
செபஸ்தியான் என்னென்னவோ சொன்னார்.
குதிரைக்குக் கேட்டிருக்காது,
அதன் காது இரண்டும் பஞ்சுக்குள் இருந்தன.
எனக்குக் கேட்டது.