ஆறு கட்டில்

மன்சூரா இன்று வீட்டுக்குள் இல்லை.
பாய், தலையணை, மண்ணெண்ணெய் அடுப்பு,
முழங்கால் வலிக்கிற மாமியார்,
கூண்டோடு ஒரு மஞ்சள் குருவி
என்று அகப்பட்டதையெல்லாம் தூக்கிக்கொண்டு
நைல் கரைப் புல்லில் போய் உட்கார்ந்துவிட்டது.

ஷம் எல்-நசீம்.
காற்றை முகர்வதற்கென்றே அரசாங்கம்
விடுமுறை விடுகிற திங்கள்கிழமை.
தெற்கே பாலைவனம்; அங்கிருந்து வருவது புழுதி.
வடக்கே கடல்.
ஆகவே இந்த ஊரில்
தென்றலின் வேலையை வாடைதான் பார்க்கிறது.

அந்த வாடையில்
இன்னொரு வாடையும் வருகிறது.
உப்பில் கிடந்து கிடந்து
சாம்பல் நிறமாய்ப் புளித்த மடவை மீன்.
ஃபெஸீக்.
அண்டை வீட்டுக் கோப்டிக் குடும்பத்துக்கு
நேற்றுதான் ஈஸ்டர் முடிந்தது;
இவர்களுக்கு நோன்பு முடிந்தே
வாரங்கள் ஆகின்றன.
மீனுக்கு முன்னால் எல்லார் மூக்கும் ஒரே மதம்.

இப்திஹாலுக்கு மட்டும் பணி.
மருத்துவமனை, இரண்டாம் மாடி, நச்சுமுறிவுப் பிரிவு.
ஆறு கட்டில்.
ஆறிலும் மடிப்புக் கலையாத விரிப்பு.

ஒரு வாரமாக அமைச்சகம் தொலைக்காட்சியில் கெஞ்சியது:
அந்த மீன் வேண்டாம்,
ஒன்று இரண்டாகத் தெரியும்,
நாக்குக் குழறும்,
மூச்சு மறந்துபோகும்.
ஊரே கவனமாகக் கேட்டது.
கேட்டுவிட்டு
மீன்கடை வாசலில் வரிசையில் நின்றது.

குளிர்பெட்டியின் மேல்தட்டில் மாற்றுமருந்து.
இரண்டே குப்பி.
அவள் எத்தனை மாதம் உழைத்தால் ஒன்று வாங்கலாம் என்று
ஒருமுறை கணக்குப் போட்டுப் பாதியில் விட்டிருக்கிறாள்.
கீழ்த்தட்டில்
மூன்று செய்தித்தாள், இரண்டு நெகிழிப்பை, ஒரு துவாலை
சுற்றியும் அடங்காமல்
டாக்டர் வக்தியின் மதிய உணவு.

‘கடைக்காரர் என் மைத்துனர். சுத்தமான கை’ என்றார் டாக்டர்.
‘போன வருஷம் மூன்றாம் கட்டில்காரரும்
இதையேதான் சொன்னார்’ என்றாள்.

இரண்டரை மணிக்கு வந்தார் ஷெஹாத்தா,
சிற்றுந்து ஓட்டுபவர்.
பின்னால் மனைவி ஃபிக்ரியா.
அவள் பின்னால், முட்டைக்குச் சாயம் பூசியதில்
முழங்கைவரை பச்சையாகிப்போன இரண்டு பெண்பிள்ளைகள்.

‘எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, டாக்டர்.
இவளே இரண்டாகத் தெரிகிறாள்.’
‘எங்கே, அந்த இன்னொருத்தியை வரச்சொல்லுங்கள்,
பாத்திரம் கழுவ ஆளில்லை’ என்றாள் ஃபிக்ரியா.
சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

எப்போது சாப்பிட்டார்?
ஒரு மணி நேரம் முன்பு.
‘இந்த நஞ்சுக்கு அவ்வளவு அவசரம் கிடையாது’
என்றபடி டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார்.
பாவை சுருங்கியது. இமை ஒழுங்காக மூடித் திறந்தது.
‘கண்ணாடியைக் கழற்றுங்கள்.’
கழற்றினார்.
சட்டகத்தின் உட்புறம் பார்த்த சின்ன மகள் கத்தினாள்:
‘இது சித்தப்பாவுடையது!’

அங்கே ஆற்றங்கரையில் யாரோ ஒரு சித்தப்பா
இந்நேரம் மங்கிப்போன உலகத்தில்
தன் வெங்காயத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

சிரிப்பு ஓய்ந்ததும்
இப்திஹால் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்:
இன்றிரவு, நாளை, நாளை மறுநாள்.
விழுங்கச் சிரமமானால் உடனே.
ஃபிக்ரியா அதை நான்காக மடித்து
உள்ளாடைக்குள், பணத்தோடு வைத்துக்கொண்டாள்.
போகும்போது மேசையில்
ஒரு பச்சை முட்டை, இரண்டு கட்டு வெங்காயத்தாள்.

நாலு மணி.
டாக்டர் துவாலையைப் பிரித்தார்.
மாடி முழுக்க அந்த வாடை எழுந்து நின்றது.
‘ஒரு துண்டு?’
‘வேண்டாம்.’
அவர் எலுமிச்சை பிழிந்தார்.
ரொட்டியைப் பிய்த்தார்.
‘சின்னத் துண்டு?’

ஜன்னலைத் திறந்தாள்.
கடற்பக்கத்துக் காற்று
விரிப்புகளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தது.
கீழே தெருவில் பட்டம் விட்ட ஒரு பையன்
யாரையோ திட்டிக்கொண்டே ஓடினான்.
அவள் கையை நீட்டினாள்.
உப்பு நாக்கைக் குத்தி, கண்ணில் நீர் வரவழைத்து,
மெல்ல இறங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு
திரும்பிக் கட்டில்களை எண்ணினாள்.
ஆறு.
இன்னொரு முறை.
ஆறுதான்.