மிச்சமான முற்றுப்புள்ளிகள்

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்கு
29சி-யில் ஒன்றேகால் மணி நேரம்
உன் இன்லேண்டு லெட்டருக்கு இரண்டு நாள்
நாம் இரண்டு நாளையே வைத்துக்கொண்டோம்

தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து
ஊரையெல்லாம் இணைத்துக்கொண்டிருந்தேன்
உன் தெருவில் இருந்தது ஒரே ஒரு ஃபோன்
மருந்துக்கடைக்காரர் உன்னைக் கூப்பிட மாட்டார்
பாக்கி வைத்திருந்தாய்

இருநூற்றுப் பன்னிரண்டு பக்க நாவல்
ஒரு முற்றுப்புள்ளி கிடையாது
அச்சுக்கோர்த்த தனகோடி
அறையில் புள்ளி அப்படியே கிடக்கிறதே சார்
மிச்சத்தை யாருக்குக் கொடுப்பது
என்று கேட்டாராம், எழுதியிருந்தாய்
அதற்கு அடுத்த வரி
“அரிசி இல்லை. ஃபேன் ஓடவில்லை.
பையனுக்கு அம்மை. நூறு ரூபாய்.”

யாருக்கு என்று எனக்குத் தெரியும் எபி
எல்லாம் இங்கேதான் வந்துகொண்டிருந்தன

இப்போது ஒருவன் வந்திருக்கிறான்
உன் கடிதங்களைத் தொகுக்கப் போகிறானாம்
கெட்டிக்காரப் பையன்
வெள்ளைக் கையுறை போட்டுப் பிரிக்கிறான்
நாற்பத்தொன்றில் ஆறு தேறும் என்கிறான்
மொழி பற்றி, வடிவம் பற்றி
மற்றதெல்லாம் சொந்த விஷயம்
மேசையின் இடது பக்கம் அடுக்கிவிட்டான்

இடது பக்கத்தில் இருக்கிறது
காகித விலைக்கு நீ திட்டிய திட்டு
“தலைப்பு மோசம் என்றால் சொல்.
பரவாயில்லை என்று மட்டும் சொல்லாதே.”
பரவாயில்லை என்றேன்
நான்கு மாதம் உன்னிடமிருந்து ஒன்றுமில்லை

எண்பத்தெட்டாம் பக்கத்தை
அவன் மனப்பாடமாகச் சொன்னான்
தண்ணீர் லாரி திரும்பும் சத்தத்தில்
தெருவே குடமாகி வாய் பிளந்து நிற்கும் இடம்
நனவோடையின் உச்சம் என்றான்
அந்தக் கோடையில்
மூன்று குடம் கிடைக்காமல், ஆபீசுக்கும் தாமதமாகி
அழுதுகொண்டே நான் உனக்கு எழுதியது அது
புள்ளிகளை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறாய்

அவனிடம் சொல்லவில்லை
காபி கொடுத்தேன்

உங்கள் கடிதங்கள் எங்கே மேடம் என்றான்
உன் வீட்டில் ஒன்றுகூட இல்லையாம்
கிரேஸ் சொன்னாளாம்
பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்று
அதில்தான் நாவலை எழுதினார்
அச்சகத்துக்குப் போன கட்டு திரும்பவில்லை

அப்படியானால் தனகோடி
இரண்டு பக்கமும் படித்திருப்பார்
முன்னால் நீ
திருப்பினால் என் வீட்டுக்காரருக்கு வேலை போன கதை
நம்மை முழுசாகப் படித்த ஒரே ஆள்
ஈய மை படிந்த விரலோடு
எங்கே போனாரோ

பையன் கிளம்பிய பிறகு
இடது பக்கத்து அடுக்கைத் தூக்கினேன்
மணியார்டர் கூப்பன் ஒன்று நழுவி விழுந்தது
எண்பது ரூபாய் அனுப்பியிருக்கிறாய்
கீழே, விரலகல இடத்தில்
“பாக்கி இருபது”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு
ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன்
பக்கத்தில் புள்ளி இல்லை

ரீஃபில் தீர்ந்திருக்கலாம்