மொழிபெயர்ப்பாளர் தேவை, பத்து நாள்

உயர்தரப் பரீட்சை முடிந்த மறுநாளே
வேலை தேடப் புறப்பட்டேன்.
இரண்டாம் குறுக்குத் தெருத் துணிக்கடையில்
சிங்களம் எப்படி என்றார்கள். ஓடும் என்றேன்.
பன்னிரண்டு மணித்தியாலம் நிற்பியா. நிற்பேன்.
வீடு எங்க.
மட்டக்குளி, ஆற்றோரத் தோட்டம் என்றேன்.
சொல்லி அனுப்புறோம் என்றார்கள்.

வெள்ளவத்தை பார்மசியில், ரிசல்ட்டோடு வா.
ஆமர் வீதி ஹார்ட்வெயாரில்
ஆம்பிளப் பிள்ளைதான் வேணும், மகள்,
மூட்டை இருக்கு.
(தோட்டத்துக் குழாயடியிலிருந்து
எத்தனை வாளி சுமந்த தோள் இது,
அவருக்கு எங்கே தெரியும்.)

கடைசியில் ஆலய அறிவித்தல் பலகையில்,
ஒரு கல்யாண ஓலைக்கும்
இரத்ததான முகாமுக்கும் நடுவே
குண்டூசி குத்திய துண்டு:
கொரியாவிலிருந்து ஊழியக் குழு.
இளைஞர் மத்தியில் பணி. மொழிபெயர்ப்பாளர் தேவை, பத்து நாள்.
நாளுக்கு ஆயிரத்தைந்நூறு, பகல் சாப்பாடு.
எந்த இளைஞர் என்று கீழே பார்த்தேன்.
எங்கள் தோட்டம்.

ஆக, ஓகஸ்ட் மாதத்தில்
என் வீட்டு முடுக்காலேயே நுழைந்து
என் சனத்துக்கே நான் விருந்தாளி ஆனேன்,
கழுத்தில் ஓர் அட்டை தொங்க.

பதினொரு பேர். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் டீசேர்ட்.
சனசமூக ஹோலின் சுவருக்கு நீலம் பூசினார்கள்.
பொடியன்களோடு பந்தடித்துத் தோற்றார்கள்.
பருப்புக் கறியில் செத்தல் மிளகாயைக் கடித்துவிட்டு
ஹே-ரின் அழுதபடி சிரித்தாள்;
அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

நாலாம் நாள் பின்னேரம்
வட்டமாக உட்கார்ந்தோம்.
உங்களுக்காக என்ன ஜெபிக்க வேண்டும் என்று
ஒவ்வொருவராய்க் கேட்டாள். நான் சொல்லிக்கொண்டு போனேன்.
அம்மாவின் முழங்கால்.
சவூதியில் அப்பாவின் சம்பளப் பாக்கி.
டெஸ்மன்டின் முறை வந்தது.
மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறவன்,
விரல் நுனி எப்போதும் வெளுத்தே இருக்கும்.
ஒன்பதாம் வகுப்பு வரை என் பின் வாங்கில் இருந்தவன்.

"வேலை ஒன்னு வேணும்ன்டு சொல்லு.
கடவுளுக்கில்ல, அவங்களுக்குச் சொல்லு."

எனக்கு வெட்கமாக இருந்தது.
ஏன் என்று இன்றும் தெரியவில்லை.
தன் வாழ்க்கைக்கு வழிகாட்டுதல் கேட்கிறான்
என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.
பதினொரு தலையும் குனிந்தன.
வழிகாட்டுதலுக்காக மிக அழகாக ஜெபித்தார்கள்.
டெஸ்மன்ட் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து
என்னைப் பார்த்தான்.

வெளியே செருப்பு மாட்டும்போது கேட்டான்:
"கைடன்ஸ்க்கு நாள் சம்பளம் எவ்வளவு, மொழிபெயர்ப்பாளர் நோனா?"

இரவு கொசுவலைக்குள் மூச்சு முட்டியது.
காலையில் ஹே-ரினிடம்,
பெயின்ட் வாளியைக் கிளறியபடி,
நேற்று பிழையாகச் சொன்னேன் என்றேன்.
அவன் கேட்டது வேலை.
அவள் கிளறுவதை நிறுத்தினாள்.
நிறையச் சொல்வாள் என்று நினைத்தேன்.
விமான டிக்கட்டுக்காக ஐந்து மாதம்
இரவுக் கடையொன்றில் காசாளராக நின்றாளாம்;
அந்தக் கடைக்கும் ஆறாவது ஆளாகத்தான் எடுபட்டாளாம்.
வேலையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றாள்.
அப்புறம் வாளியருகே குந்தியபடியே
கொரிய மொழியில் ஜெபித்தாள்.
ஒரு சொல்லும் விளங்கவில்லை.
அவன் பெயர் மட்டும் இரண்டு தரம் கேட்டது,
'டெ-சு-மொன்' என்று.

வேலை கிடைக்கவில்லை. கிடைத்தது என்று எழுத
ஆசைதான்.
அவர்கள் விமானம் ஏறிய அன்று
சுவரில் கால்வாசி மிச்சம்.
போதகர் சபைக் காசில் ஒரு வாளி வாங்கி
டெஸ்மன்டுக்கு இரண்டு நாள் கூலி கொடுத்தார்.
கடையில் அதே நீலம் இல்லை.
அடுத்த நீலத்தை அவன்
ஐஸ் உடைத்த கையால் பூசினான், ஒழுகாமல்.

நான் கவரைப் பிரித்து எண்ணினேன். பதினையாயிரம். சரியாக இருந்தது.
ரிசல்ட் இன்னும் வரவில்லை.
ஹோலைக் கடந்து போகும்போதெல்லாம்
இரண்டு நீலமும் சந்திக்கும் கோட்டை
என் கண் தானாகத் தேடிப் பிடிக்கிறது.