ஈய எழுத்துகள்

குன்னூர்க் கல்லறைத் தோட்டத்தில்
ஐப்பசி மழை விட்ட இடைவெளியில்
வெர்னியரும் பழந்துணியுமாக மண்டியிட்டிருக்கிறேன்.
அட்டை ஒன்று காலுறைக்குள் புகப் பார்க்கிறது.

பளிங்கைக் குடைந்து
ஈயம் அடித்துப் பதித்த பெயர்.
1889. பதினொரு மாதம்.
பதித்த அன்று எழுத்தும் கல்லும் ஒரே மட்டம்,
விரல் ஓட்டினால் தடுக்கியிருக்காது.
இன்று தடுக்கிறது:
ஒன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
எழுத்து எழும்பவில்லை,
கல்தான் இறங்கியிருக்கிறது.

பாட்டிலில் பிடித்த மழையில் தாளை நனைத்தேன்.
ஐந்தரை.
மோரை விடச் சாது, கடுங்காப்பியை விடவும்.
நாக்கு இதைப் புளிப்பென்று ஒப்புக்கொள்ளாது.
இறங்கும் வழியில் காற்றிலிருந்து
கொஞ்சம் கரியமில வாயுவைக் குடித்துவிட்டு வருகிறது, அவ்வளவுதான்;
இப்போது கூடவே
பர்லியார் வளைவுகளில் திணறும் லாரிகளின் புகை,
தேயிலை ஃபேக்டரி அடுப்பின் புகை.

பக்கத்து மதில் இந்த மலையின் கருங்கல்.
அதே மழை, அதே வருடங்கள்.
உளி கொத்திய முனை
இன்னும் உள்ளங்கையைக் கீறுகிறது.
பளிங்குக்கு அந்த வைராக்கியம் இல்லை.
எந்தக் காலத்திலோ
ஏதோ கடலடியில் சிப்பியாய்க் கிடந்தது,
வெந்து, இறுகி, கப்பலேறி,
மாட்டுவண்டியில் மலையேறி வந்தது.
துளி பட்டதும் இளகி
ஓடையில் இறங்கி, பவானியில் சேர்ந்து
கிழக்கே போகிறது,
யாரும் பார்க்காத வேகத்தில்.

பெயரின் இரண்டாம் எழுத்தைக் காணோம்.
கல் தேயத் தேய ஈயம் பிடிமானம் விடும்,
அது எனக்குத் தெரியும். ஆனால் விழுந்தது எங்கே?
புல் செதுக்கிக்கொண்டிருந்த கிறிஸ்டோபாய் அக்கா
நிமிராமலே சொன்னார்:
"அதையா தேடறீங்க?
எங்க ஜெபசிங் பொறுக்கிட்டுப் போயி உருக்கி
தூண்டிலுக்குக் கட்டிட்டான்.
ரேலியா அணையில மூணு மீனு.
திட்டினேன்தான்.
கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு."

என்ன எழுதுவது?
இரண்டாம் எழுத்து: அளவு இல்லை.
காரணம் என்ற இடத்தில் கோடு இழுத்தேன்.

கடைசி எழுத்தின் ஓரத்தில் பாசி.
குனிந்து, வாயால் ஊதி,
துணியால் துடைக்கப் போனேன்.
என் மூச்சு பளிங்கில் வெண்படலமாய்ப் படிந்து
ஒரு கணம் நின்றது.
அதிலும் அதே வாயு.

குறிப்பேட்டில் இதற்கு நான் கட்டம் போட்டிருக்கவில்லை.