மூன்று பாயிண்ட்

சாதாரண வீட்டுக்கு நாற்பது பாயிண்ட் இழுப்பேன்.
மிசாவோ அம்மாளின் வரைபடத்தில் மூன்று.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று.
"அவ்வளவுதான், கடோவாகி-சான்" என்றார்
கட்டடம் வரைந்த குசுமி.
முப்பது வயதுகூட இராது; காலுறையில் ஓட்டை.
"மிச்சத்தை மேற்குச் சுவர் பார்த்துக்கொள்ளும்."

மேற்குச் சுவரில் இருந்தது ஒரு கீறல்.
உள்ளங்கை நுழையும், தோள் நுழையாது.
தரையிலிருந்து கூரைவரை
கான்கிரீட்டைக் கிழித்துவிட்டு
மூட மறந்துபோனதுபோல.

மின்சாரக்காரனிடம் இருட்டுக்கு விலை கேட்கிறார்கள்
என்று தோகிகோவிடம் சொல்லிச் சிரித்தேன்.
மூன்று பாயிண்ட்டுக்கு என்ன கூலி வரும் என்றாள்.
சிரிப்பு நின்றது.

அக்டோபரில் போன் வந்தது.
சுவிட்ச் கோளாறு என்று நினைத்துப் பையோடு போனேன்.
மாலை ஐந்து.
சிஞ்சி ஏரிக்கு மேல் சூரியன் தாழ்ந்திருந்த நேரம்.
செருப்பைக் கழற்றி நிமிர்ந்தால்
ஒரு பட்டை வெளிச்சம்
தரையைக் கடந்து, மேசையைக் கடந்து
எதிர்ச்சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.
அவசரமே இல்லை அதற்கு.
ஒரு கிண்ணம், ஒரு மெத்தை, மிசாவோ அம்மாள்.
வேறொன்றும் இல்லாததால்
எல்லாவற்றையும் தொட்டுவிட முடிந்தது அதனால்.
பேச வாயெடுத்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

சுவிட்சின் மேல்
கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் தாள்
இன்னும் உரிக்கப்படவில்லை.

"கோளாறு வெளியே இருக்கிறது."
இருட்டியதும் காட்டினார்:
நகராட்சி புதிதாய் நட்ட தெருவிளக்கு
கீறல் வழியே வெள்ளையாய் நுழைந்து
அவர் தலையணையில் படுத்துக்கொண்டது.
"முப்பத்தொரு வருஷம் படகுத்துறையில்
குழல்விளக்கின் கீழ் டிக்கெட் கிழித்தேன்.
இருட்டுக்காகத்தான் பணம் சேர்த்தேன்."

தெருவிளக்கு என் கையில் இல்லை,
மனு எழுதலாம் என்றேன்.
எழுதினேன். பதில் இல்லை.
மறுபடி எழுதினேன்.

டிசம்பரில் ஒரு செவ்வாய், இரவு பதினொன்று.
அரிசி பிஸ்கட் டப்பாவை வெட்டி வளைத்து
ஏணி போட்டு ஏறி
விளக்கின் ஒரு கன்னத்தில் கட்டினேன்.
தெருவுக்கு ஒன்றும் குறையவில்லை.
கீறலுக்கு மட்டும் இரவு திரும்பியது.
இறங்கும்போது ஒரு பூனை பார்த்தது.
இந்த வேலைக்கு ரசீது கிடையாது.

வீட்டுக்கு வந்து
சமையலறை விளக்கை அணைத்தேன்.
"கரண்ட் போச்சா?" உள்ளிருந்து தோகிகோ.
இல்லை என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து
ஜன்னல் இருக்கும் இடம் தெரிந்தது.
அப்புறம் கெண்டி.
அப்புறம், வாசற்படியில் வந்து
எதுவும் கேட்காமல் நிற்கும் அவள்.