விடயம் பதினான்கு

சின்னம் பூட்டு.
தேர்தலில் அது இருவருக்கும் பொருந்தியது.
குலநாயகத்தார் கேட்டது ஊருக்கு ஒரு பூட்டு,
அமிர்தராசா கேட்டது பெட்டிக்கு ஒன்று.
ஒரே மாலைக்குள் இரண்டு கழுத்து.
உட்துறைமுக வீதியால் ஊர்வலம் போனார்கள்.
மதிலில் ஒட்டிய சுவரொட்டியில்
பசைக்கு ஆசைப்பட்டு
ஒரு புள்ளிமான் வந்து
இருவரின் நாடியையும் தின்றுவிட்டுப் போனது.

நான் சபையின் கூட்டறிக்கை எழுதுகிறவள்.
இருமலை எழுதுவதில்லை.
மேசையில் விழும் கையை எழுதுவதில்லை.

விடயம் பதினான்கு: உப்புவெளிக் கடற்கரை.
"அரைகுறை உடுப்போட திரியுதுகள்.
கோணேசர் பாத்துக்கொண்டிருக்கிறார்"
என்றார் குலநாயகத்தார்.
ஆறு காவலர் வேண்டும், சீருடை வேண்டும்,
பியர் விற்கும் கடை இரண்டையும் மூடவேண்டும்.

அமிர்தராசா கண்ணாடியைத் துடைத்தார்.
இரும்புக்கடைக்காரர். ஆணியையும் நிறுத்தே விற்பவர்.
வாழ்நாளில் ஒரு துளி குடித்ததில்லை.
"ஆறு பேருக்கு மாதம் எவ்வளவு?
அந்தக் கடையள் கட்டுற காசிலதான்
அலஸ்தோட்டத்தில லைற் எரியுது.
இருட்டில மானம் கூடும் எண்டால்
மூடுங்கோ."

"காசை வைச்சு மானத்தை நிறுக்கிறீர்."
"மானத்தைக் காட்டிக் காசைக் கேக்கிறீர்."

தேத்தண்ணி வந்தது. வடையும்.
வடைக்கான பற்றுச்சீட்டில் மட்டும்
இருவரும் மறுப்பின்றிக் கையொப்பமிட்டார்கள்.

வாக்கெடுப்பு என்றால் கூட்டணி உடையும்.
உடைந்தால் தவிசாளர் கதிரை
எதிர்ப்பக்கம் நகரும்.
அந்தக் கதிரைக்கு ஒரு கால் ஏற்கெனவே ஆட்டம்,
கடதாசி மடித்து முண்டு கொடுத்திருக்கிறோம்.

ஆகவே தீர்மானம், ஏகமனதாக:
காவலர் ஆறல்ல, ஒன்று.
புதிய ஆளல்ல, இருக்கிற ஆள்.
கான் துப்புரவில் நாட்கூலிக்கு நிற்கும்
பரிமளகாந்தியைப்
பின்னேரங்களில் கடற்கரைக்கு மாற்றுவது.
மேலதிகக் கொடுப்பனவு இல்லை.
ஒரு விசில், விலை நூற்றெண்பது ரூபாய்.
அதையும் குறைக்கலாமா என்று
அமிர்தராசா கேட்டதை நான் எழுதவில்லை.
சேலை கட்டாயம் என்று
குலநாயகத்தார் சேர்த்ததை எழுதினேன்.

அவளிடம் யாரும் கேட்கவில்லை.
கேட்டால் எழுத
ஒரு வரி விட்டிருந்தேன்.

நேற்றுப் போய்ப் பார்த்தேன்.
நனைந்த சேலையை இடுப்பில் சொருகி
முழங்காலளவு தண்ணீரில் நின்றாள்.
ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை,
உடுப்பென்று சொல்ல இரண்டு துண்டு,
நீரோட்டம் இழுக்கிற பக்கமாய் நடந்தது.
விசில்.
பிள்ளை திடுக்கிட்டு, வெட்கி,
துவாயைத் தேடியது.
பரிமளகாந்தி தலையாட்டினாள், அதில்லை என்று.
கையால் காட்டினாள்:
அங்கை குழி.
இஞ்சை குளி.

கான்கள் அடைத்துக் கிடக்கின்றன.
மழைக்கு இன்னும் இரண்டு மாதம்.
அது விடயம் பதினைந்து.
நேரமின்மையால்
ஒத்திவைக்கப்பட்டது.