ஊலு, மைனஸ் இருபத்தாறு

உறைந்த கடல்மேல் ஒரே முக்காலியில்
இரண்டு கைபேசிகள்.

பழையது அறுபத்து நான்கு கற்றைகளையும்
ஓயாமல் அளந்தது.
கோபுரம் எங்கும் போகவில்லை,
தானும் அசையவில்லை,
இருந்தும்.
பதினொன்றரைக்குச் செத்தது.

புதியதற்கு ஹெல்கா எழுதியது சில வரிகள்தான்:
அசையாதவரை
பிடித்த கற்றையை மட்டும் எப்போதாவது பார்;
பலம் சரிந்தால்
வானம் முழுக்கத் தேடு.

முக்காலியைச் சற்றே திருப்பினாள்.
விழித்தது, துழாவியது,
பற்றிக்கொண்டு உறங்கியது.
நாற்பத்தொரு சதவீதம்.
வேனுக்குள்ளிருந்து யொர்மா கட்டைவிரல் காட்டினான்.

அவள் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
சொந்தக் கைபேசியை எடுத்தாள்,
விடிந்ததிலிருந்து முப்பதாவது முறை.
துர்க்குவிலிருந்து ஒன்றுமில்லை.
நான்கு சதவீதம்.

சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்தாள்.
பத்தடி நடந்தாள்.
எடுத்தாள்.